ஆளுக்குப் பாதி டின்

அண்ணன் தம்பி குடும்பங்கள் இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன. அடுப்பு மட்டும் இரண்டு. கீழே மூத்த மருமகள், மாடியில் இளையவள். ஒரு விருந்தில் இளையவளின் சமையலை, "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்று நாலு பேர் முன்னால் மூத்தவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அதோடு சரி.

இளையவள் வீட்டிலிருந்தபடியே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தையல்கூலி இருந்த இடத்திலேயே இருக்க, கடையில் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. முதலில் பழம் நின்றது. பிறகு முட்டை ஆளுக்குப் பாதியானது. எண்ணெய் விலை கையைக் கடிக்கவே, வறுத்துக்கொண்டிருந்ததையெல்லாம் வேகவைத்து இறக்கினாள். புருஷன் ஒருநாள் தட்டைப் பார்த்து, "இது என்ன, ஆஸ்..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினான்.

அந்த வாரம் கடையில் பெரிய எண்ணெய் டின்னுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவதைவிட டின் எவ்வளவோ மலிவு. ஆனால் ஒரேயடியாகக் கொடுக்கக் கையில் இருந்தது போதாது. பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மூத்தவள்! கிளினிக்கில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். அவள் கூடையிலும் வெங்காயமும் பருப்பும்தான் கிடந்தன.

மூத்தவள் டின்னைப் பார்த்தபடியே கேட்டாள்: "பாதிப் பாதி போட்டுக்கலாமா?"

"டின்னை எங்க வைக்கிறது, அக்கா?"

அக்கா என்று வாய் தவறி வந்துவிட்டது சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். கீழ் அடுப்படியில் வைத்துக் கரண்டியால் மொண்டு பிரித்தார்கள்.

"எனக்குக் கொஞ்சம் கூட விழுந்துடுச்சு போல," என்றாள் மூத்தவள்.

"இல்லக்கா, எனக்குத்தான்."

இந்த மரியாதைச் சண்டையில் கரண்டி சாய்ந்து எண்ணெய் தரையில் கொட்டியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கம் கொட்டியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போதும்டி இந்தக் கூத்து. கீழ ஒரு சட்டி, மேல ஒரு சட்டின்னு எதுக்கு ரெண்டு எடத்துல எண்ணெய் காயணும்? ராத்திரிச் சாப்பாட்டை ஒண்ணாப் பண்ணிடலாம்."

"என் சமையல்தான் உங்களுக்குப் பிடிக்காதே."

மூத்தவள் குனிந்து தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி வேற."

இளையவள் கத்தியை எடுத்துக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

அன்று எல்லோர் தட்டிலும் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது. ஏதாவது கேட்டால் கலைந்துவிடுமோ என்று அண்ணனும் தம்பியும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

மறுவாரமே உப்பு விஷயத்தில் உரசல். இளையவள் விறுவிறுவென்று மாடியேறிப்போய் மெஷினை மிதித்தாள். பொழுது சாயும்போது கீழிருந்து குரல் வந்தது.

"அடுப்பு பத்த வச்சாச்சு. நீயே வந்து உப்பு போடு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

இளையவள் தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை மடித்து வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.