சும்மா தாத்தாவும் புது இணைப்பும்

எங்கள் அலுவலகத்தில் மணி அடித்தால் எங்கேயோ யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள் எங்களிடம் ஒரு பொத்தான் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். விழுந்தாலோ நெஞ்சை அடைத்தாலோ அதை அழுத்த வேண்டும். உடனே அவர்கள் வீட்டில் இருக்கும் சின்னப் பெட்டி இன்டர்நெட் வழியாக எங்களைக் கூப்பிடும். கம்ப்யூட்டரில் மணி அடிக்கும், பெயர் வரும், அந்தப் பெட்டி வழியாகவே நாங்கள் பேசுவோம். அப்படிப் பேசுகிற குரல் என்னுடையது.

இதில் சும்மா தாத்தா தனி ரகம். மணி அடிக்கும். குடிக்கிற டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய், "என்ன ஆச்சு தாத்தா?" என்பேன். "சும்மாதான்மா. வெளிய மழை வர்ற மாதிரி இருக்கா?" என்பார். அவர் வீட்டிலும் ஜன்னல் இருக்கிறது. ஒரு காலைக்குள் இப்படி நாலைந்து தடவை அழுத்திவிடுவார். இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் டீயைச் சூடாகக் குடித்ததே இல்லை. அவரை நேரில் பார்த்ததும் இல்லை, பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

பழைய இன்டர்நெட் இணைப்பு ஆமை வேகம். வலியில் ஒருவர் "ஐயோ" என்று கத்தினால் எங்களுக்கு "ஐ... ஐ..." என்று விக்கல் மாதிரி வந்து சேரும். புது இணைப்புக்கு மாறலாம் என்று மேனேஜர் அம்மா முடிவு செய்தார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "என் கொழுந்தன் இந்த வேலைதான் செய்யறான்" என்று சொல்லிவிட்டேன். அவன் சொதப்பினால் அலுவலகத்தில் ஒரு பாட்டு, வீட்டில் மாமியாரிடம் ஒரு பாட்டு. இரண்டு கச்சேரிக்கும் நான்தான் டிக்கெட் வாங்கினேன்.

கொழுந்தன் காலையிலேயே வந்துவிட்டான். மேஜைக்கு மேஜை அடியில் புகுந்து, பழைய வயரைப் பிடுங்கிப் புதியதை மாட்டி, ஒவ்வொரு கம்ப்யூட்டராக அணைத்துப் போட்டான். முட்டிக்காலெல்லாம் ஒட்டடை. எல்லாவற்றிலும் இன்டர்நெட் பறந்தது. கடைசியில், சோதித்துப் பார்க்க என்று என் மேஜை டிராயரில் கிடக்கும் பொத்தானை எடுத்து அழுத்தினான். மணி கணீரென்று அடித்தது. மேனேஜர் அம்மா கைதட்டினார். கொழுந்தன் பழைய வயரை மொத்தமாகக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்தான்.

"பாத்தீங்களா அண்ணி? எங்க அம்மாகிட்ட இதையும் சொல்லுங்க. குறை மட்டும்தான் சொல்வீங்க."

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல மூஞ்சியக் கழுவு."

அதன் பிறகு அலுவலகம் அமைதியாக இருந்தது. மேனேஜர் அம்மா, "இன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகல போல, நல்ல நேரத்துலதான் மாத்திருக்கோம்" என்றார். நான் டீயை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து குடித்தேன். கடைசி வாய் வரை சூடாக இருந்தது. நாக்கு சுட்டபோதுதான் எனக்குச் சுரீரென்றது.

"தம்பி, சும்மா தாத்தா இன்னும் அழுத்தலையே."

"நல்லதுதானே அண்ணி? தினமும் வீட்டுக்கு வந்து அவரைத்தானே கரிச்சுக் கொட்டுவீங்க."

"திட்டுறது வேற. இந்நேரத்துக்கு அவர் மழை, வெயில், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் கேட்டு முடிச்சிருப்பார்."

அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன், அப்படியே. கொழுந்தன் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் பொத்தான எங்க வச்சு அழுத்தின?" என்று கேட்டேன்.

"இங்கதான். உங்க மேஜைகிட்ட." சொல்லும்போதே அவன் முகம் மாறிவிட்டது. "அண்ணி... அது ஆபீஸுக்குள்ளயே பேசிக்கிற பொத்தான். நம்ம வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு நாமளே கதவத் தட்டிப் பாத்திருக்கோம். புது இணைப்புன்னா விலாசமும் புதுசு. வெளிய இருக்கற பெட்டிங்களுக்குப் பழைய விலாசம்தான் தெரியும். எல்லாம் அங்க போய்த் தட்டிக்கிட்டு இருக்கும்."

அதாவது நாங்கள் வெளியே போக வழி இருந்தது, எங்களிடம் உள்ளே வர யாருக்கும் வழி இல்லை. எத்தனை பேர் அழுத்தினார்களோ, யார் எங்கே விழுந்து கிடக்கிறார்களோ. மேனேஜர் அம்மாவிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், அந்த நேரத்தில் அவர் யாரையும் திட்டவில்லை. போனை இழுத்து முன்னால் வைத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

"நீ பழைய வயர மாட்டு, நான் போறேன்" என்றேன் கொழுந்தனிடம். எல்லார் வீட்டு மாற்றுச் சாவியும் எங்கள் சுவரில் தொங்கும். தாத்தாவின் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. என் உடம்புக்கு ஓட்டம் என்பது கல்யாணத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயம். செருப்பு ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் போனேன். தெருவில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவர் மட்டும் நன்றாக இருந்தால் போதும், தினமும் நூறு தடவை அழுத்தட்டும், மழையைப் பற்றி நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே போனேன். கதவில் சாவி நுழையவில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தேன், திருப்பி நுழைத்துத் திறந்தேன்.

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. படுக்கையறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மெலிந்த மனிதர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலால் கழுத்துப் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். கட்டில் மேல் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"தாத்தா! நான்தான், ஆபீஸ்லேர்ந்து."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குரலக் கேட்டு நீ ஒல்லியா இருப்பேன்னு நெனச்சேன்."

"அடி பட்டுச்சா? எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்லம்மா. செருப்ப எடுக்கக் குனிஞ்சேன், இந்தச் சந்துல உக்காந்துட்டேன். எழுந்திருக்கத்தான் வரல. போன் அங்க கத்துது, நான் இங்க கத்தறேன். எவ்வளவு நேரமா அழுத்தறேன், எல்லாரும் எங்க போயிட்டீங்க?"

கையைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. காலை மடக்கச் சொன்னேன், மடக்கினார். போன உயிர் எனக்கு அங்கேதான் திரும்பி வந்தது. அவரைத் தூக்கிவிட வந்தவள், அவர் பக்கத்திலேயே தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கண்ணீர்தான் கடகடவென்று வந்தது.

அப்போது பெட்டியில் சிவப்பு மாறிப் பச்சை எரிந்தது. பழைய இணைப்பின் அதே விக்கலோடு கொழுந்தன் குரல் கேட்டது. "தா... தாத்தா... அண்ணி வந்... வந்துட்டாங்களா? மத்த எல்லாரும் போன எடு... எடுத்துட்டாங்க, யாருக்கும் ஒண்ணு... ஒண்ணுமில்ல. உங்களுக்கு என்ன ஆ... ஆச்சு?"

அந்த விக்கல் என் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான்" என்றார். "ஆனா இங்க ஒரு பொண்ணு தரையில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு. சீக்கிரமா யாரையாவது அனுப்பி வை."