ஊசியின் நடுத்துண்டு

மஞ்சள் நிறக் குழந்தைச் சட்டையின் கழுத்தடியில், லேபிள் தைத்திருந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தித் தடவியபோது பரமநாதனுக்குச் சுரீரென்றது. கையை எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் கடுகளவு இரத்தம். சட்டையை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து லேபிளின் ஓரத்தை விலக்கினார். துணிமடிப்புக்குள்ளிருந்து உடைந்த ஊசியொன்றின் முனை எட்டிப் பார்த்தது. சட்டை மூன்று மாதக் குழந்தைக்கானது. இங்கிலாந்தில் எங்கோ, இன்னும் கழுத்து நிற்காத ஒரு பிள்ளையின் பிடரியில் அது போய் இருந்திருக்கும்.

பரமநாதன் தரப்பரிசோதகர். சீமையில் உடுப்புகளை இறக்குமதி செய்பவர்களுக்காகக் கொழும்பு முகவர் நிறுவனமொன்று அவரைக் கண்டிப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும். அடுக்கி வைத்த பெட்டிகளில் தனக்குப் பிடித்தவற்றை உடைத்துப் பார்த்து அவர் கையெழுத்து வைத்தால்தான் லொறி நகரும். அமைச்சர்களுக்கு அடுத்தபடியாக மத்திய மாகாணத்தில் லொறிகளை நிறுத்தும் அதிகாரம் தனக்குத்தான் இருக்கிறது என்று மனைவி லீலாதேவியிடம் அவர் சொல்லிக்கொள்வதுண்டு. லீலாதேவி அந்த நேரத்தில் சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவளும் தரப்பரிசோதகர்தான், டை கட்டுவதில்லை, அவ்வளவே.

அது சிங்களவரின் புனிதக் கோயிலான கண்டித் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்ததற்கு அடுத்த மாதம். கண்டி பஸ்களில் எல்லோருக்கும் ஒரேயடியாகத் தமிழ் மறந்துபோயிருந்த மாதம். பரமநாதனின் விசிட்டிங் கார்டிலும் பரமன் போய் நாதன் மட்டும் எஞ்சியிருந்தார். ஆனால் இருபது வருடத்தில் பொய்யான அறிக்கை ஒன்றிலும் தன் கையெழுத்து விழுந்ததில்லை என்ற பெருமையை மட்டும் அவர் சுருக்கவில்லை. அதை டையோடு சேர்த்துத் தினமும் கட்டிக்கொண்டுதான் வெளியே வருவார்.

கலகெதரப் பக்கத்திலிருந்த இந்தத் தொழிற்சாலைக்குத் துணி கொரியாவிலிருந்தும், பொத்தான் தாய்வானிலிருந்தும், ஊசி ஜேர்மனியிலிருந்தும் வந்தன. சட்டையில் உள்நாட்டுப் பொருள் என்று சொல்ல இருந்தது பெண்களின் முதுகுவலி ஒன்றுதான். அதற்கு மனேஜர் தென்னக்கோன் வைத்திருந்த பெயர் ‘தேசத்தின் பெருமை’. அவர் இரண்டு வாரம் ஜப்பானில் பயிற்சி பெற்றவர். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. ஊசித்துண்டு கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று வாங்குங்கள் என்று பரமநாதன் பல தடவை சொல்லியிருந்தார். தென்னக்கோன் பதாகை ஒன்று வாங்கி மாட்டினார். ‘இங்கே பிழைக்கு இடமில்லை’ என்று மூன்று மொழியிலும் அது அறிவித்தது.

“சேர், கைல ரத்தம்! குண்டூசி குத்திட்டா?” என்று கேட்டுக்கொண்டு சித்தி றலியா வந்தாள். பெட்டி கட்டும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு.

“குண்டூசி இல்லைப் பிள்ளை. வடிவாப் பாரும்.”

றலியா பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு, சட்டையின் உள்ளே ஒட்டியிருந்த சிறிய இலக்கத்தையும் பார்த்தாள். முப்பத்தொன்று.

“ஆர் இது?”

“ரத்தினம்மா. ஹந்தானப் புள்ள. லேபிள் தைக்கிறது அவ ஒராள்தான்.” குரலை இறக்கினாள். “வேற யார்ட சரி நம்பரா ஈந்தா நானே போய் மனேஜர்ட்ட சொல்லீப்பன் சேர். இத மட்டும் சொல்லிராதீங்க.”

காரணத்தைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. போன மாதம் இதே தொழிற்சாலையில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் இருவரின் பையில் ரேடியோவுக்கு வாங்கிய பற்றரிகள் இருந்தன. குண்டு செய்யவென்று சந்தேகப்பட்டுத் தென்னக்கோனே பொலிசுக்கு டெலிபோன் எடுத்தார். ஒருத்தி திரும்பி வந்தாள். தோட்டத்து லய வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் இப்போது கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாளாம். மற்றவள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தென்னக்கோனின் விழிப்புணர்வைப் பாராட்டித் தலைமையகம் அனுப்பிய கேடயம் அவருடைய அறையில் இருக்கிறது. பற்றரிக்கே இது என்றால், வெள்ளைக்காரக் குழந்தையின் சட்டைக்குள் தமிழச்சி தைத்த ஊசிக்கு என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்கப் பரமநாதனுக்கு ஜப்பானியப் பயிற்சி தேவைப்படவில்லை.

தையலைப் பார்ப்பவர்போல அவர் வரிசைகளுக்குள் நடந்தார். ரத்தினம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஊசி எப்ப உடைஞ்சது?” என்று தமிழில் கேட்டார்.

மெஷினின் மிதிபலகையில் அவள் கால் நின்றுவிட்டது. கேள்வியைவிட, டை கட்டிய வாயிலிருந்து தமிழ் வந்ததுதான் அவளைத் திடுக்கிட வைத்தது.

“நேத்து பகலு சேர். மூணா ஒடஞ்சிருச்சுங்க. மேல்துண்டு மெஷின்லயே நின்னுச்சு. மத்த ரெண்டயும் காணோம். தேடிட்டுத் தைக்கிறேன்னு சொன்னேன். சுப்பவைசர் மிஸ்ஸு புது ஊசியக் கையில குடுத்து, லொறி வருது தையின்னுட்டாங்க.”

“மேல்துண்டு இருக்கோ?”

மெஷினில் ஒட்டுத்தாளால் ஒட்டி வைத்திருந்ததை உரித்துக் கொடுத்தாள். பரமநாதன் அதையும் தன்னிடமிருந்த முனையையும் ஒரு முழு ஊசியின் பக்கத்தில் வைத்து நீட்டிப் பார்த்தார். இடையில் ஒரு நெல்மணி நீளம் குறைந்தது. நடுத்துண்டு, கட்டி முடித்த ஆயிரக்கணக்கான மஞ்சள் சட்டைகளில் ஏதோ ஒன்றின் லேபிளுக்குள் இருந்தது.

“சேருக்கு எந்த ஊருங்க?”

“கொழும்பு,” என்றது வாய், பழக்கத்தில். பிறகு ஏனோ, “யாழ்ப்பாணம்” என்றார்.

“ஐயோ பாவமே! அப்ப எங்களவிட ஒங்களுக்குல்ல சேர் பயம்?” என்றாள் உண்மையான இரக்கத்தோடு. இரக்கப்படுவதற்கு வந்த மனிதருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் அவளிடமே கொடுத்தார். அவள் அவற்றை மெஷினின் எண்ணெய்த் தட்டுக்குள் நழுவ விட்டாள்.

“எம் பேரு போகுமா சேர்? வீட்ல ரெண்டு புள்ள இருக்குங்க.”

“பாப்பம்,” என்றார்.

மேசைக்குத் திரும்பி வரும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஊசியைப் பற்றி மூச்சு விடாமல் நடுத்துண்டைப் பிடிக்க வழி ஒன்றுதான்: எல்லா லேபிள்களையும் பிரிக்க வைக்க வேண்டும். லேபிள் கால் அங்குலம் இடப்புறம் தள்ளியிருக்கிறது, அனைத்தையும் பிரித்து மறுபடி தைக்கவும் என்று அறிக்கையில் எழுதினார். யோசனையைக் கேட்ட றலியாவும் பிரிக்கிற வேலையைத் தன் ஆட்களிடம் கொடுப்பதாகச் சொன்னாள். குழந்தை தப்பும், ரத்தினம்மா தப்புவாள், தேசத்தின் பெருமைக்கு இரண்டு நாள் தாமதம் மட்டும். இருபது வருடத்தில் முதல் பொய். அதன் அழகில் அவருக்கே கொஞ்சம் மயக்கம் வந்தது.

பொய் சொல்லிப் பழகியவன் முதலில் சாட்சிகளைப் பார்ப்பான். பரமநாதனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தென்னக்கோன் அறிக்கையை வாசித்தார், உள்ளே போனார், பிளாஸ்டிக் உறையிலிட்டு மெழுகு முத்திரை வைத்த மாதிரிச் சட்டையோடு திரும்பி வந்தார். தையல் தொடங்குமுன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட சட்டை. முத்திரைக்குக் கீழே பி. நாதன் என்ற கையெழுத்து. உறையைக் கிழித்து, இரண்டு சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, டேப்பை வைத்தார். லேபிளின்மேல் லேபிள் கச்சிதமாக உட்கார்ந்தது.

“எது தள்ளியிருக்கிறது, மிஸ்டர் நாதன்?” அவர் பரமநாதனோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். “சட்டையா, உங்கள் கண்ணா?”

பரமநாதன் கைக்குட்டை சுற்றிய பெருவிரலை மேசைக்குக் கீழே கொண்டு போனார்.

“உங்களை நான் குறை நினைக்கவில்லை. நாம் எல்லோரும் ஒரே குடும்பம்,” என்று தென்னக்கோன் ஜப்பான் குரலில் தொடர்ந்தார். “ஆனால் இந்த நாட்களில் ஒரு தமிழ்க் கனவான் காரணமில்லாமல் ஏற்றுமதியை நிறுத்தினால், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? உண்மையான பிழை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். செய்தது யார் என்று கண்டுபிடித்து, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிடுகிறேன். எனக்கு அதில் அனுபவம் இருக்கிறது. பிழை இல்லையென்றால்...” பேனையின் மூடியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டினார்.

டெலிபோன் பக்கத்திலேயே இருந்தது. அதன்மேல் கை வைக்க வேண்டிய தேவைகூடத் தென்னக்கோனுக்கு ஏற்படவில்லை.

பரமநாதன் பேனையைப் பார்த்தார். இங்கிலாந்துக் குழந்தைக்கு வைத்தியர் இருப்பார். தாய் குளிப்பாட்டும்போதே கண்டுவிடவும் கூடும். கம்பனி மன்னிப்புக் கேட்டுப் பொம்மை அனுப்பும். ரத்தினம்மாவுக்கு யாரும் பொம்மை அனுப்பப் போவதில்லை. கணக்கு அழகாகச் சரிவந்தது. சரிவந்த விதந்தான் பிடிக்கவில்லை. அந்தக் கணக்கில் தன்னுடைய தோலும் ஓர் ஓரத்தில் பத்திரமாகத் தப்பிக்கொண்டிருந்தது. அவளுக்காகப் பேனையை வாங்கினாரா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவரிடம் அளவு நாடா இருக்கவில்லை. பழைய அறிக்கையைத் தென்னக்கோன் பக்குவமாகக் கிழித்தார். புதியதில் பரமநாதன் கையெழுத்து வைத்தார். வழக்கத்தைவிடத் தெளிவாக விழுந்தது.

“இதுதான் தரம்!” என்று சொல்லித் தென்னக்கோன் கை குலுக்கினார். பெருவிரல் வலித்தது.

பெட்டிகள் லொறியில் ஏறுவதை றலியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பரமநாதன் கடந்து போனபோது அடுத்த பெட்டியின் இலக்கத்தைத் தாளில் குறித்தாள். உள்ளே லேபிள் தைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கண்டிக்குப் போகிற பஸ்ஸைச் சந்தியிலிருந்த இராணுவத் தடையில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். மழை இருட்டியிருந்தது. ஒரு பெண்ணின் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மிச்சச் சோற்றைக் கம்பியால் கிளறினார்கள். கைக்குழந்தையின் பால்போத்தலைக் குலுக்கி, மூடியைத் திறந்து முகர்ந்தார்கள். குழந்தையின் துணியை அவிழ்த்துப் பார்த்தபோது அது வீரிட்டது. பரமநாதனின் முறை வந்ததும் ஒரு சிப்பாய் கைகளைத் தூக்கச் சொல்லி, சிறு கருவியொன்றை அவர் மேல் ஓட்டினான். பெல்ட் கொளுவியில் கீச்சிட்டது. மறுபடியும் தலையிலிருந்து தொடங்கினான்.

அப்போதுதான் லொறி வந்தது. முன் கண்ணாடியில் ‘அவசர ஏற்றுமதி’ என்று எழுதி வைத்திருந்தார்கள். சிப்பாய் ஒருவன் ஓடிப்போய்த் தடைமரத்தைத் தூக்கினான். சாரதி ஹோர்னை ஒரு தடவை செல்லமாக அடித்தான். தூக்கிய கைகளோடு பரமநாதன் பார்த்துக்கொண்டு நின்றார். தூறல் தொடங்கியது. லொறி குருநாகல் பக்கமாகத் திரும்பி இறங்கியது. பின்புறத்தில் தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து, வளைவு வரைக்கும் படபடவென்று அடித்துக்கொண்டே போனது.