பதினோராம் நம்பர் அறைக்குப் போகும் வழி

ஆவுடைநாயகத்தின் வலி, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. முழுக்கைச் சட்டை போட்டிருந்தது. தலை மின்விசிறியில் இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்து வைத்திருந்தது. இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கடைசி நாட்களைக் கழிக்க வருகிறவர்களுக்கான அந்த இல்லத்தில் எல்லாருடைய வலிக்கும் ஒரு நாற்காலி உண்டு.

நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை நர்ஸ் ஜெசிந்தா பதிவேட்டோடு வருவாள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று கேட்பாள். சொல்கிற எண்ணுக்குத் தக்கபடி மருந்து கொடுப்பாள்.

ஆவுடைநாயகம் எப்போதும் ரெண்டு என்பார். முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். யாருக்கும் தொந்தரவு கொடுத்துப் பழக்கமில்லை. பல் டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கியபோது நன்றி சொல்லிவிட்டு வந்தவர். தவிர, வீரியமான மருந்தை இப்போதே குடித்துவிட்டால் நிஜமாகவே தாங்க முடியாத நாளுக்கு எதுவும் மிஞ்சாது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

வலி ஒன்பது. பதிவேட்டில் ரெண்டு. பதிவாகாத ஏழுக்கு அறையில் தங்க அனுமதி கிடையாது. அது வராந்தாவுக்குப் போய்விடும். அதற்கு இடம் கொடுக்க வராந்தா நீளும். செவ்வாய்க்கிழமையிலிருந்து வேளைக்கு ஏழு தெரு வீதம் நீண்டுகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவர் மனைவி காந்திமதி சொதியும் இஞ்சிப் பச்சடியும் எடுத்துக்கொண்டு இல்லத்தின் வாசலுக்குள் நுழைந்தாள். வியாழன் மதியமாகியும் அறைக்கு வந்து சேரவில்லை.

அவர் போன் போட்டார்.

“எங்க வாரே?”

“நானூத்திப் பத்தாம் நம்பர் ரூம் தாண்டியாச்சு. இங்க ஷேர் ஆட்டோ ஓடுது. ஏறிட்டேன்.”

“நம்ம ரூம் பதினொண்ணுல்லா?”

“எனக்குத் தெரியாதாக்கும். போற வழியெல்லாம் பதினொண்ணுக்கு நேராப் போகணும்னுதான் போர்டு வச்சிருக்கான்.”

போனை வைத்தார். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் மூன்று நாளை வராந்தா தின்றுவிட்டது. வலியை அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. காந்திமதி ஷேர் ஆட்டோவில் இடுங்கி உட்கார்ந்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ரெண்டு மணிக்கு ஜெசிந்தா வந்தாள். எத்தனை என்றாள். ஆவுடைநாயகம் வலியைப் பார்த்தார். அது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்போல் ஜன்னலைப் பார்த்தது. இப்போதே குடித்துவிட்டால் பின்னால் மருந்து கேட்குமா என்று அவளிடம் தயங்கிக் கேட்டார்.

“அண்ணாச்சி, வலி கூடுனா மருந்தையும் கூட்டித் தருவோம். நாளைக்கும் இருக்கு, நாளன்னைக்கும் இருக்கு. இத மிச்சம் புடிச்சு யாருக்கு அனுப்பப் போறீய?”

அவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

“ஒம்பது,” என்றார்.

ஜெசிந்தா கோபப்படவில்லை. ஒன்பது என்று எழுதினாள். டாக்டரிடம் போனில் பேசிவிட்டு மருந்தை அளந்து ஊற்றினாள். கசந்தது. இது வயிற்றைக் கட்டும் என்று சொல்லி, கூடவே வயிறு இளகவும் ஒரு மருந்து கொடுத்தாள். அதைக் கேட்டு வலி கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

அரை மணி நேரத்தில் அதன் கழுத்து நிமிர்ந்தது. மின்விசிறிக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. எட்டானது. ஆறானது. மூன்றுக்கு வந்தபோது கால் தரைக்கு எட்டவில்லை. சட்டைக்குள் கையைத் தேடியது. அப்புறம் ஒரு டம்ளர் உயரத்துக்குச் சுருங்கி, நாற்காலியிலேயே தூங்கிவிட்டது.

வெளியே பாயைச் சுருட்டுவது போல ஒரு சத்தம். ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு அறைக்குள் வந்து நின்றது. பதினொண்ணு இறங்குங்க என்றார் டிரைவர். காந்திமதி இறங்கினாள். ஆட்டோ ரிவர்ஸில் போய்விட்டது.

தூக்குச்சட்டியில் சொதி ஆவி பறந்தது. இத்தனை நாளும் எத்தனை என்று சொல்லிக்கொண்டிருந்தார் என அவள் விசாரித்தாள். ரெண்டு என்றார் அவர்.

“ரெண்டா? ரூமுக்கு ரூம் உங்க வலிதான் உக்காந்திருக்கு. அத்தனையும் என்னப் பாத்து, ‘மைனி, சௌக்கியமா’ன்னு கேக்கு. நானூறு பேருக்கு நான் பதில் சொல்லிட்டு வாரேன்.”

அவர் சிரித்தார். சிரித்தால் விலாவில் குத்தும். குத்தவில்லை. சரிபார்க்க இன்னொரு முறை சிரித்தார். காந்திமதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டியைப் பிடிக்க முடியாமல், வலி குறைந்ததா என்று பார்க்க வந்த ஜெசிந்தாவிடம் கொடுத்தாள்.

அவர் நாலு ஸ்பூன் சொதிச் சோறு சாப்பிட்டார். இஞ்சி உறைப்பாக இருந்தது. உப்புக் குறைவு என்று வாய்விட்டுச் சொன்னார். கல்யாணமாகி முதன்முறையாகச் சொன்னார். நாப்பது வருஷமாகக் குறைவுதான் என்று காந்திமதி சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள்.

ஜெசிந்தா பதிவேட்டைத் திருப்பினாள்.

“உங்களுக்கு எத்தனைக்கா?”

“எனக்கென்ன, ஒண்ணுமில்ல,” என்றாள் காந்திமதி.

எதிர்ச்சுவர் ஒரு கஜம் தள்ளிப் போனது.

ஆவுடைநாயகம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நிஜத்தைச் சொல்லச் சொன்னார்.

“பத்து,” என்றாள்.

ஜெசிந்தா எழுதினாள். சுவர் திரும்பி வந்தது. கட்டில், சரியாக இன்னோர் ஆள் படுக்கும் அளவுக்கு அகலமானது. காந்திமதி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள்.

“கொஞ்சம் தள்ளிப் படுங்க.”

அவர் தள்ளிப் படுக்கவில்லை.