ஈரக்கையும் பிரேக்கும்

ஜப்பானின் ஒகசாகியில் சக்கர நாற்காலிக்கு பிரேக் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக நான் பிரேக் பூட்டுகிறேன். புது மாடல் என்றால் ஒன்றரை வருடம் மாடியில் வடிவமைப்பாளர்கள் வரைவார்கள். கடைசியில் அது எங்கள் தலையில் வந்து விழும். ஸ்குரூ முடுக்கக் கைபோகாத இடமெல்லாம் அப்போதுதான் தெரியும்.

வடிவமைப்புக் குழுத்தலைவர் சிசுரு குராத்தா அதை மாற்றினாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தே பத்து மாதிரிகளோடு கீழே உற்பத்தி லைனுக்கு வருவாள். நாங்கள் பூட்டுவோம். விபத்தில் கால் போன வாடிக்கையாளர் ஹோரிபா அதைத் தன் நாற்காலியில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். குறைகளைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். அடுத்த தடவை அந்தக் குறை இருக்காது.

பிரிவுத் தலைவர் கான்பேக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை மாதிரி செஞ்சு தூக்கிப் போடறீங்க. வீணடிக்கக் கூடாதுங்கிறதுதானே நம்ம முதல் பாடம்?"

"பத்து மாதிரி வீணா, பத்தாயிரம் பிரேக் திரும்பி வர்றது வீணா, கான்பே சான்?" என்றாள் சிசுரு.

ஆறாவது சுற்றில் ஹோரிபா மழையில் நனைந்து வந்தார். "ஈரக்கையில நெம்புகோல் வழுக்குதும்மா. பாதியிலேயே நிக்குது, பிரேக் பிடிக்கவே இல்ல." சிசுரு சீட்டு எழுதினாள். கான்பே அதைக் கிழித்தார். நெம்புகோலை வார்க்கும் அச்சுக்கு ஏற்கனவே ஆர்டர் கொடுத்தாகிவிட்டதாம்.

முதல் உற்பத்தி நாளில் தலைமையகத்திலிருந்து இயக்குநர் வந்தார். காலையிலேயே கான்பே எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "இன்னைக்கு யாரும் கயித்தை இழுக்கக் கூடாது."

குறை கண்டால் யார் வேண்டுமானாலும் இழுத்து லைனை நிறுத்தலாம் என்பதற்குத்தான் தலைக்கு மேல் அந்தக் கயிறு. எனக்கு ரத்தம் கொதித்தது. இயக்குநர் என்னருகே வந்ததும் இழுத்தேன். மணி அடித்தது, லைன் நின்றது.

"யட்சுதா! என்ன பண்றீங்க?" கான்பேயின் குரல் கீச்சிட்டது.

"என் வேலையை."

சிசுரு போய் ஒரு குவளைத் தண்ணீரும், பிரேக் மாட்டிய நாற்காலியும் கொண்டுவந்து, லைன் பக்கத்துச் சரிவுப் பாதையின் உச்சியில் வைத்தாள். "கையை நனைச்சுட்டு நீங்களே உக்காந்து பாருங்க" என்றாள். இயக்குநர் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்தார். கை வழுக்கியது. சரிவில் நாற்காலி உருள ஆரம்பித்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

"இது முன்னாடியே தெரியுமா?" என்றார் அவர்.

"ஆறாவது சுற்றிலயே தெரியும். சீட்டைக் கிழிச்சுட்டாங்க" என்றாள் சிசுரு, கான்பேயை நேராகப் பார்த்து.

அச்சைத் திருத்தினார்கள். வெளியீடு இரண்டு மாதம் தள்ளிப்போனது. மேலதிகாரியை அவமானப்படுத்தியதற்காக சிசுருவின் குழுத்தலைவர் பதவி போனது. "பதவிதானே போச்சு? மாதிரி செய்யற கை இருக்கே" என்று சிரித்தாள். இரண்டு வாரச் சுற்றை நிறுத்த மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: "குறை தெரிந்தால் நாளையும் இழுப்பேன்."