வெய் ஷெங் பெயரில் ஒன்றரை நட்சத்திரம்

1

“ஒன்றரை நட்சத்திரமா மா? ரொவீனா அனுப்புன பாட்டிலுக்கு ஒன்றரையா?”

“நாறுச்சு. நாறுதுன்னு எழுதினேன்.”

“என் பேர்ல எழுதியிருக்க.”

“எப்பவும் உன் பேர்லதானே எழுதுறேன். இன்னைக்குத்தான் தெரியுமா?”

இந்தக் கதை என் காதில் விழுந்தது இப்படித்தான். ‘விழுந்தது’ என்பது கொஞ்சம் மரியாதையான சொல். காய்ந்த துணியை எடுக்க வந்தவள், காயாததையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றேன். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இரும்புக் கேட்டை மட்டும் சாத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்துச் சண்டை போட்டால், அதை ஒலிபரப்பு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

(முதலில் ‘சியூ லெங் தன் வாழ்க்கையிலேயே முதன்முறையாக மகனிடம்…’ என்று தொடங்கியிருந்தேன். அவளுக்கு எதெது முதன்முறை என்று எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.)

2

சியூ லெங் எதிர்வீட்டுக்காரி. கணவர் இல்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் வெய் ஷெங் வங்கியில் கணினி வேலை. முப்பத்து நான்கு வயது, அழகன், கல்யாணம் ஆகாதவன். அந்தக் கடைசிச் சொல் தாயின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

சீனப் புத்தாண்டுக்கு ஒயின் வாங்க ஒரு கைபேசிச் செயலியில் அவன் கணக்குத் திறந்தான். முதல் முறை வாங்குபவர்களுக்குத் தள்ளுபடி. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இருமல் மருந்து என்று சொல்லி எழுந்து போனான். மிச்சப் பாட்டில்களை அம்மா இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், ஒரு கிளாஸாக முடித்தாள். முடிந்ததும் மகனின் கணக்கிலேயே மேலும் வரவழைத்தாள்.

எத்தனை நட்சத்திரம் என்று செயலி கேட்டது. சாமான் கொண்டுவந்த பையனுக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மற்ற செயலிகளில் அப்படித்தானே. வெயிலில் வருகிறானே பாவம் என்று எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டாள். நட்சத்திரம் ஒயினுக்கு என்று பிறகு தெரிந்தபோது, பொய்ச்சாட்சி சொல்லிவிட்டவளைப் போலக் கூசிப்போய், பழையதையெல்லாம் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதினாள். ‘சீன மருந்துக் கடை இழுப்பறையைத் திறந்த வாசம்.’ ‘மழை விட்டதும் கார் நிறுத்துமிடத்தில் எழும் சூடு.’ ‘மாமியார் மாதிரி. முதல் வாய் இனிப்பு, அப்புறம் தொண்டையைப் பிடிக்கிறது.’

இதையெல்லாம் படித்துச் சிரித்துச் சிரித்துப் பதில் எழுதியவள் காத்தோங்கில் இருக்கும் ரொவீனா பெரேரா. இருவர் ரசனையும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ஒத்துப்போகிறது என்று செயலியே கணக்குப் போட்டுச் சொன்னது. (நம்மவர்கள் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இங்கே நாக்குப் பொருத்தம் ஒன்றே போதும் என்றாகிவிட்டது.) கணக்கில் இருந்தது வெய் ஷெங்கின் பெயர், வெய் ஷெங்கின் படம். சந்திக்கலாமா என்று ரொவீனா கேட்டாள். சியூ லெங் கைபேசியை மகனிடம் நீட்டினாள். “ஒரு பொண்ணு உன்னைப் பாக்கணுங்கிறா. குளிச்சிட்டுப் போ.”

போனான். உண்மையைச் சொல்ல மறந்தான். எட்டு மாதமாக மறந்துகொண்டேயிருந்தான்.*

* உணவகத்தில் கிளாஸ் வந்ததும் கழிவறைக்குப் போய் அம்மாவுக்குப் பாட்டிலின் படத்தை அனுப்புவான். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் எழுதுவாள். அடிக்கடி போகிறாயே, டாக்டரிடம் காட்டேன் என்று ரொவீனா கவலைப்பட்டாளாம்.

3

வெய் ஷெங்கை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கதைசொல்லி பாத்திரத்தை வெறுக்கக் கூடாது என்பார்கள். வெறுக்கவில்லை, லிஃப்டில் சேர்ந்து போகிற அளவுக்குத்தான் பிடிக்கும். என் கவலை அவன் அம்மா. உண்மை வெளிவந்தால் அவனுக்கு வரவிருந்த மனைவி போய்விடுவாள். அவன் அம்மாவுக்கோ…

(அந்த வாக்கியத்தை மூன்று முறை முடித்துப் பார்த்தேன். ‘மருமகள்’ என்று எழுதினால் போதவில்லை. ‘சிநேகிதி’ என்று எழுதினால், அந்தச் சிநேகிதிக்கு இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது.)

நடந்தது இது. ரொவீனா அன்போடு ஒரு பாட்டில் அனுப்பினாள். வெய் ஷெங் தொலைபேசியில் பிரமாதம் என்றான். அதே மாலை அம்மா அவன் பெயரில் ‘மழையில் நனைந்த அட்டைப்பெட்டி’ என்று எழுதி ஒன்றரை போட்டாள். ரொவீனா இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். கோபப்படவில்லை, அதுதான் பயம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன், அதே ஒயினில் இன்னொரு பாட்டில் கொண்டுவருகிறேன், சேர்ந்து குடிப்போம், நீ என் முகத்தைப் பார்த்துச் சொல் என்றாள். அம்மா குடிக்கவே மாட்டார்கள் என்று அவளிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தான்.

4

அந்த வாரம் எதிர்வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. சியூ லெங் மேசைமேல் ஊறவைத்த பிளம், மருந்துவேர், நனைத்த அட்டை எல்லாம் பரப்பி மகனை மோந்து பார்க்கச் சொன்னாள். எல்லாமே வாசனையாகத்தான் இருக்கிறது என்றான் அவன். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அவள் என் கேட்டருகே வந்து நின்றாள்.

“தக்கை கெட்டுப்போனா அந்த ஒரு பாட்டில்தான் நாறும். அடுத்தது நல்லா இருந்தாலும் இருக்கும். நான் இவனுக்கு எதைச் சொல்லிக் குடுக்க?”

“உண்மையைச் சொல்லிடேன்.”

“சொல்லிட்டா அவ யார்கூடப் பேசுவா? அவன்கூடயும் இல்ல, என்கூடயும் இல்ல.”

முன்பு முடிக்க முடியாமல் விட்ட வாக்கியத்தை அவளே முடித்துவிட்டாள். நான் அங்கே திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

5

ஞாயிற்றுக்கிழமை குளிர்சாதனம் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆகவே, கற்பனை.

அ. சியூ லெங் சமையலறையிலிருந்து வந்து, எழுதியதெல்லாம் நான்தான் என்கிறாள். ரொவீனா அவளைக் கட்டிக்கொள்கிறாள். (அழகாக இருக்கிறது. நம்ப மாட்டீர்கள்.)

ஆ. ரொவீனா கிளாஸைக் கவிழ்த்துவிட்டு… (இவ்வளவு நல்ல மேசைவிரிப்பை எதற்கு வீணாக்க வேண்டும்?)

மறுநாள் சியூ லெங் சொன்னது இது. ஒயினை ஊற்றியதும் வெய் ஷெங் பயத்தில், படித்த பாடத்தை ஒப்பித்துவிட்டான். அட்டைப்பெட்டி என்றான். ரொவீனா கிளாஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அடுப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது. அந்த ஆவியையும் தாண்டி வந்த வாசத்தில், இந்தப் பாட்டில் அருமையானது என்று சியூ லெங்குக்குத் தெரிந்துவிட்டது. மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பாகிவிட்டது.

“ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. இதுல அட்டைப்பெட்டி வாசம் வருதா?”

குடிக்காதவள் என்று மகன் சொல்லி வைத்திருக்கும் தன்னிடம் எதற்குக் கேட்கிறாள் என்று சியூ லெங் யோசித்தாள். மோந்து பார்த்தாள். மகனை நினைத்தாள்.

“வருதும்மா.”

ரொவீனா அவள் முகத்தையே பார்த்தபடி அங்கேயே நின்று அதை முழுக்கக் குடித்தாள்.

“எனக்கும் அப்படித்தான் இருக்கு ஆன்ட்டி.”

6

இதுக்கு என்ன அர்த்தம் என்று சியூ லெங் என்னைக் கேட்கிறாள். நீ கதை எழுதுறவதானே, சொல்லு என்கிறாள். மாமியாராகப் போகிறவளுக்கு மரியாதை கொடுத்தாளா? இவள் நாக்குப் பொய் சொல்வதை அவள் நாக்கு அறிந்ததா? இரண்டுக்கும் ஒவ்வொரு பக்கம் எழுதினேன். இரண்டிலும் ரொவீனா என் குரலில் பேசினாள். கிழித்துவிட்டேன்.

ஜூனில் காத்தோங் தேவாலயத்தில் கல்யாணம். வெய் ஷெங்குக்கு வேலை மாறி, இருவரும் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகருக்குப் போய்விட்டார்கள். அங்கே அவன் பியர் மட்டும்தான் குடிக்கிறானாம். அவன் பெயரிலோ புக்கிட் பாத்தோக்கிலிருந்து வாரம் தவறாமல் நட்சத்திரம் விழுகிறது. கணவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, ஒவ்வொன்றுக்கும் ரொவீனா பதில் எழுதுகிறாள். யாருக்கு எழுதுகிறாள் என்பதை மட்டும் எழுதுவதில்லை.

போன வாரம் சியூ லெங், தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தாள். பெயரை அடித்தேன். படம் எடுத்தேன். கடைசிப் பொத்தானை அழுத்தப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் கணக்குக்கு அவ வரலைன்னா?”

கைபேசி அப்படியே மேசைமேல் இருக்கிறது. அழுத்துவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் அழுத்துங்கள்.