ஜெயபிரியாவின் ஜன்னல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுகிறதா என்று மூன்று நாள் தேடினேன். கல்வியின் எதிர்காலம், மாணவர் நலன், சமூக அக்கறை என்று ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

ஜெயபிரியாவின் கட்டுரை சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்துவிட்டது. 'கல்லூரி எதைக் கற்றுத்தர வேண்டும்?' முழுதாக இரண்டு பக்கம். தலைப்புக்குக் கீழே தடித்த எழுத்தில் அவள் பெயர், பக்கத்தில் வட்டத்துக்குள் சிரித்த முகம். தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் வரலாறு நடத்துகிறோம். ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. நான் பதினோரு வருடமாகத் தற்காலிக ஆசிரியர், அவள் நான்கு வருடமாக. இப்போது நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலியாகியிருக்கிறது. ஆவணியில் நேர்காணல். இருவரும் விண்ணப்பித்திருக்கிறோம். அவள் கட்டுரையை முதல்வர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கைதட்டும் படம் ஏழு வைத்தார். நான் எண்ணினேன்.

எனக்கு வயிறு எரிந்தது. (இதை அடித்துவிட்டு 'மனம் சற்றே சலனப்பட்டது' என்று எழுதிப் பார்த்தேன். பொய். வயிறுதான் எரிந்தது.)

2

பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் நெல்லையப்பன் அண்ணாச்சி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையிலேயே ஒரு காலாண்டிதழும் நடத்துகிறார். முன்னூறு பிரதி. அவரிடம் போய், அந்தக் கட்டுரைக்கு எதிர்வினை எழுதித் தருகிறேன் என்றேன்.

"தாராளமா எழுதும்வே. ஒண்ணு மட்டும் கேக்கேன். கோவம் கட்டுரை மேலயா, அந்தப் பிள்ள மேலயா?"

"கருத்து மேல, அண்ணாச்சி."

"கருத்து மேல கோவப்படுதவன் மூஞ்சி இப்பிடியா கடுகடுன்னு இருக்கும்? சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள தாரும். ரெண்டு பக்கம் காலியா வைக்கேன்."

முதல் தொடக்கம்: 'பெருமதிப்பிற்குரிய கட்டுரையாளர் முன்வைக்கும் வாதம், மேலோட்டமாக நோக்குங்கால்...' வேண்டாம். மதிப்பே இல்லை, பெருமதிப்புக்கு எங்கே போவேன்?

இரண்டாம் தொடக்கம்: 'வெறும் நான்கு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு...' அந்த 'வெறும்' காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் தொடக்கம்: 'அந்த ஜன்னல்'

இதற்கு மேல் பேனா போகவில்லை. போகாததற்குக் காரணம் இருக்கிறது. (என் பெயரை இன்னும் சொல்லவில்லை அல்லவா? சொல்வேன், பொறுங்கள்.)

3

கட்டுரையில் எல்லோரும் மெச்சிய இடம் இதுதான். பார்த்து எழுதுகிறேன்:

'ஓர் ஆசிரியர் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். பாண்டியர் காலத்து ஏரிப் பாசனம். நடுவில், "அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றார். நாற்பத்திரண்டு பேர் தலை நிமிராமல் அதையும் எழுதினார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து நின்று, ஜன்னல் சாத்தித்தானே இருக்கிறது என்றாள். கல்லூரி மற்றதையெல்லாம் பிறகு கற்றுத்தரட்டும். முதலில் அப்படி எழுந்து நிற்கக் கற்றுத்தரட்டும்.'

பாவி, நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்.

4

அந்த ஜன்னல் என் வகுப்பு ஜன்னல்.

எங்கள் பக்கத்தில் பாடம் நடத்துவது என்றால் நோட்ஸ் சொல்வதுதான். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயாலேயே சொல்ல வேண்டும். 'அடுத்த பத்தி' என்றால் நாற்பது பேனாவும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பட்டாளத்தை நடத்துகிற மாதிரி ஒரு மிதப்பு.

ஆறு வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதம். குற்றாலத்துச் சாரல் எங்கள் கல்லூரி வரைக்கும் வந்து முன்வரிசைப் பெஞ்சை நனைத்தது. "ஏரிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஊர்ச்சபையிடம் இருந்தது, முற்றுப்புள்ளி" என்றேன். அதே மூச்சில், "அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானே போய்ச் சாத்திவிட்டு வந்து, "அடுத்த பத்தி" என்றேன்.

உள்தேர்வில் பத்தொன்பது தாள்களில் அந்த வரி இருந்தது. பொறுப்பு ஊர்ச்சபையிடம் இருந்தது. அந்த ஜன்னலைச் சாத்துங்க. நான் பக்கத்தை எண்ணி மார்க் போடுகிறவன். எட்டாவது தாளில்தான் கண்ணில் பட்டது. அதற்குள் ஏழு பேருக்கு முழு மதிப்பெண் போட்டாயிற்று. மற்றவர்களுக்குக் குறைத்தால் ஏன் என்று கேட்பார்களே? அவர்களுக்கும் போட்டேன். வெளியே மூச்சு விடவில்லை.

இதை யாரோ பழைய மாணவன் ஜெயபிரியாவிடம் சொல்லியிருக்கிறான். அவளும், நேர்காணலுக்கு முன்னால் என்னை ஊர் சிரிக்க வைக்கலாம் என்று எழுதிவிட்டாள். அப்படித்தான் நினைத்தேன்.

5

ஆக, என் எதிர்வினைக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது. அந்த எழுந்து நின்ற மாணவி. அவள் பொய். என் வகுப்பில் யாரும் எழுந்து நிற்கவில்லை. ஜன்னலும் சாத்தியிருக்கவில்லை, ஆவென்று திறந்துதான் கிடந்தது. கற்பனைப் பாத்திரம் ஒன்றை நிறுத்திவைத்துக் கல்லூரிகளுக்கு உபதேசம் செய்கிறார் கட்டுரையாளர் என்று ஒரு பக்கத்துக்கு விளாசி

நிறுத்தினேன். 'உமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்களே. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, கத்தாமலும் முடியாது.

(பதினோரு வருடத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அப்படி எழுந்து நின்றதில்லை. இந்த வரி இங்கே எதற்கு என்று தெரியவில்லை. அச்சுக்குப் போகும்போது எடுத்துவிடலாம்.)

6

சீசன் தொடங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் துறையே குற்றாலம் போகும். இந்த முறை போனால் தண்ணீர் கூடிவிட்டதென்று பேரருவியில் குளிக்கத் தடை. தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக ஊரே நின்றுகொண்டிருந்தது. தடை எப்போது நீங்கும் என்று போலீஸ்காரருக்கும் தெரியவில்லை. ஜெயபிரியா நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"சார், ஒரு வாரமா மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்க. கட்டுரை பிடிக்கலையா?"

"அந்தப் பிள்ள பொய்தானே?" என்றேன். பேச்சை இப்படித் தொடங்குவதாகத் திட்டமில்லை.

"எந்தப் பிள்ள?"

"ஜன்னல் சாத்தித்தான இருக்குன்னு சொன்னவ."

"வித்யாலட்சுமியா? ஆலங்குளத்துல இருந்து வருவாளே சார், செவப்பு சைக்கிள்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து... இப்ப பி.எட். முடிச்சிட்டா. அது என் க்ளாஸ்ல நடந்தது."

"உன் க்ளாஸ்லயா?"

"அந்த ஆசிரியரே நான்தான் சார்." சிரித்தாள். "சேந்த மொத வருசம் எனக்கு ஒண்ணும் ஓடல. நெல்லையப்பன் அண்ணாச்சி கடையில, பழைய பிள்ளைக க்ளாஸ்ல எழுதுனத ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட நோட்ஸ் ஒண்ணு வித்தாவ. வாங்கிட்டு வந்து அப்பிடியே வாசிச்சேன். பக்கத்துல கட்டடம் கட்டுதாங்கன்னு எல்லா ஜன்னலையும் சாத்திதான் வச்சிருந்தோம். அந்த வரி வந்துச்சு, அதையும் வாசிச்சேன். 'அந்த ஜன்னலைச் சாத்துங்க.' அதோட விட்டேனா? முற்றுப்புள்ளின்னு வேற சொன்னேன் சார்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "யாரு நோட்ஸ் அது?"

அவள் சிப்ஸ் பொட்டலத்தை மடித்தாள். "மொதப் பக்கத்துல உங்க பேரு போட்டிருந்துச்சு சார்."

"பின்ன ஏன் அத எழுதல?"

"இன்டர்வியூ வருதுல்லா. உங்க பேரு எதுக்கு அடிபடணும்? பாக்காம வாசிச்சது நான்தான."

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. நல்ல கதையாக இருந்தால் என் கண் கலங்கியிருக்கும். எனக்கு வந்தது இன்னும் கொஞ்சம் பொறாமை. என் வாயிலிருந்து விழுந்த வரி என் வகுப்பில் கேலிக்கூத்தாகக் கிடந்தது. அதுவே அவள் வகுப்புக்குப் போனதும் ஒருத்தி எழுந்து நின்றாள். ஒப்புக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் காப்பாற்றவும் தெரிந்திருக்கிறது. என் தப்பைக்கூட என்னைவிட நன்றாக அவள்தான் செய்திருக்கிறாள்.

விசில் ஊதினார்கள். தடை நீங்கியது. கூட்டம் ஓடியது, அவளும் பெண்கள் பக்கம் ஓடினாள். நான் குளிக்காமல் பேருந்து ஏறினேன். தலையில் எண்ணெய் அப்படியே இருந்தது.

7

எதிர்வினையைக் கிழித்துவிட்டு இதை எழுதினேன். நெல்லையப்பன் அண்ணாச்சி மெஷின் பக்கத்தில் நின்றபடியே படித்தார்.

"நம்ம கடை வேற வருதாக்கும்! ஜோரா இருக்குவே. பேரு போட்டுருவமா?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்லும். பேரு போட்டா இது வாக்குமூலம். போடாட்டா வெறுங் கதை. நாளைக்கு இன்டர்வியூ கமிட்டியில எவனாவது கேட்டாலும், கதைதானன்னு சொல்லித் தப்பிச்சிரலாம். நாலு மணிக்கு அச்சுக்குப் போவுது."

முடிவு அ: பெயர் போடுகிறேன். பத்தொன்பது தாளுக்கு மார்க் போட்ட கதை கமிட்டிக்குத் தெரிகிறது. வேலை ஜெயபிரியாவுக்குப் போகிறது. ஊர் என்னை யோக்கியன் என்கிறது. ஆனால் யோக்கியம்தானா அது? முன்னூறு பிரதியிலாவது அந்த ஜன்னல் என்னுடையது என்று வந்துவிட வேண்டும் என்ற அரிப்பும் அதில் இருக்கிறது. அவள் பேரில் அது ஊர் சுற்றுவதை என்னால் தாங்க முடியவில்லை.

முடிவு ஆ: பெயர் போடவில்லை. பதினோரு வருடம் அனுபவம், நேர்காணலில் சுத்தமான கை. வேலை எனக்கே கிடைக்கலாம். எதிர் நாற்காலியில் அவள் தற்காலிகமாகவே உட்கார்ந்திருப்பாள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

முடிவு இ:

மணி மூன்றே முக்கால். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறார். வெளியே சாரல். நான் நாற்காலியில் இருக்கிறேன். எழுந்து நின்று சொன்னேனா இல்லையா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பெயரைப் பிறகு சொல்கிறேன் என்று உங்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கதை எழுதுகிறவர்கள் பெயர் எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தலைப்பில் ஜெயபிரியா பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே பாருங்கள்.