ரோலர் மேல் அர்ச்சுனன் வண்டி

குட்டியானை லோடு வண்டியின் பின்தட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த பைக்கைப் பார்த்ததுமே அது அடிபட்ட வண்டி என்று தௌபிக்குக்குத் தெரிந்துவிட்டது. கனமான குரூசர். டேங்க் ஒருபக்கம் ஒடுங்கியிருந்தது. ஹேண்டில்பாரும் பின்சக்கரமும் மட்டும் புதிது.

தர்மபுரி பைபாஸ் ஓரத்தில் தௌபிக் டைனோ போட்டிருந்தான். பைக்கின் பின்சக்கரத்தை இரும்பு ரோலர் மேல் ஏற்றி, பெல்ட்டால் இறுக்கி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு, இன்ஜின் என்ன சக்தி தருகிறது, எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பான். இன்ஜினை மாற்றிக் கட்டிய பையன்கள் கும்பலாக வருவார்கள், வீடியோ எடுப்பார்கள், கத்துவார்கள்.

இவர்கள் அப்படி வரவில்லை. ஓட்டிவந்தவர் மாதவராஜ், தொப்பூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் மெக்கானிக். பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண் கலைமதி, அவருடைய தம்பி மனைவி. வழியெல்லாம் பேசாமலே வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் இறங்கிய விதத்திலேயே தெரிந்தது.

"தம்பி வண்டிங்க பாய். அர்ச்சுனன். தொப்பூர் எறக்கத்துல லாரியில அடிபட்டுப் போயிட்டான்" என்றார் மாதவராஜ். "லாரியை முந்திருக்கான். முந்துனவன் திடீர்னு முன்னால நின்னாப்புல இருந்துச்சுன்னு டிரைவர் சொல்றான். வேகமா போயி குறுக்க விட்டானா, இல்ல இன்ஜின் ஆஃப் ஆச்சான்னு யாருக்கும் தெரியல."

"இன்ஜினை யாரு மாத்துனது?"

"நாந்தாங்க. சிலிண்டரைப் பெருசு பண்ணி, பெரிய பிஸ்டன் போட்டேன். டைனோல வச்சு டியூன் பண்ணிக்கலாம்னு அவன் சொன்னான். எதுக்குடா தண்டத்துக்குன்னு ரோட்ல ஓட்டிப் பாத்தே நானே செட் பண்ணிட்டேன்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து எடுத்தப்புறம் இன்ஜின்ல கை வைக்கல. அப்படியே இருக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

டேங்கிலிருந்த பழைய பெட்ரோலை மட்டும் மாற்றிவிட்டு, தௌபிக் வண்டியை ரோலர் மேல் ஏற்றினான். முன்னால் பெரிய மின்விசிறியைப் போட்டு, சைலன்சருக்குள் சென்சாரைச் சொருகி, ஸ்டார்ட் செய்தான். அந்தச் சத்தம் கேட்டதும் கலைமதி காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்துவிட்டாள்.

முதல் ஓட்டத்தில் இன்ஜின் தயங்காமல் இழுத்தது. திரையில் கோடு வழுவழுவென்று ஏறியது. கைவேலை சுத்தம் என்று தௌபிக்குக்குத் தோன்றியது. மாதவராஜ் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் லேசாகத் தெளிந்தது.

கலைமதிக்கோ முகம் செத்துப்போனது.

சூடு தணியட்டும் என்று நிறுத்தியபோது அவள் தௌபிக்கிடம் வந்தாள்.

"அப்ப வண்டி நல்லாத்தான் இருக்குதுங்களா?"

"இன்னும் பாக்கணும்மா."

"அன்னிக்குக் காலைல சண்டைங்க. வண்டிச் சாவியைப் புடுங்கி எருக்குழியில எறிஞ்சிட்டேன். தேடி எடுத்துக் கழுவிட்டுப் போனாரு. சேலத்துல எட்டு மணிக்கு வேலைக்கு நிக்கணும். அந்த லேட்டைப் புடிக்கத்தான் அப்படிப் போயிருப்பாரு." அவள் அழவில்லை. "வண்டி நின்னுதான் செத்தாருன்னு சொல்லுங்க பாய். அது போதும் எனக்கு."

குட்டியானையின் மறுபக்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த மாதவராஜின் கை நின்றது. அவருக்கும் இது புதுச் செய்தி என்று தௌபிக் புரிந்துகொண்டான்.

இரண்டாம் ஓட்டத்தில் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது. வேகம் உச்சிக்குப் போகும்போது பெட்ரோல் பத்தாமல் கோடு நடுங்கியது. ஒருமுறை விக்கியது. பட்டென்று அணைந்தது. ரோலர் மட்டும் தனியே சுற்றிக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சு!" என்று கலைமதி கத்தினாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் குரல். வெளியே போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மாதவராஜ் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

தௌபிக் டேங்கைக் கழற்றி பெட்ரோல் பம்பை வெளியே எடுத்தான். ஃபில்டர் முழுக்கச் செம்மண் மாதிரி துரு. ஒடுங்கிய டேங்கின் மூடி சரியாக மூடாமல், ஸ்டேஷன் வாசலில் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டேங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு மறுபடி ஓட்டினான். உச்சியில் பெட்ரோல் கொஞ்சம் குறைவாகவே போனது. ஆனால் இன்ஜின் விக்கவில்லை. எத்தனை முறை இழுத்தும் நிற்கவில்லை.

"அண்ணே, இப்ப நின்னது துருவாலதான்" என்று மெதுவாகச் சொன்னான். "மழையில வந்த துரு. உங்க செட்டிங்ல கொஞ்சம் குறை இருக்குது, இல்லேன்னு சொல்லல. எறக்கத்துல, அந்தச் சூட்டுல அது போதுமா வண்டி நிக்கறதுக்கு? நிக்கலாம், நிக்காமலும் இருக்கலாம். இனிமே எந்த மிஷின்ல வச்சாலும் தெரியாதுண்ணே."

மாதவராஜ் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். தௌபிக்கும் பின்னால் போனான்.

"கலை, இன்ஜின்தாம்மா நின்னிருக்கு. நான் வச்ச செட்டிங் தப்பு. பாயே பாத்துச் சொல்லிட்டாரு. அவன் வேகமா போகல. உன் மேல ஒண்ணுமில்ல."

"அண்ணே, அப்படி..." என்று தௌபிக் வாயெடுத்தான். மாதவராஜ் திரும்பிப் பார்த்தார்.

கலைமதி எழுந்து நின்றாள். மாதவராஜின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"டியூன் பண்ணிக்கலாம்னு அவரு கேட்டாரில்ல மாமா? நீங்கதானே வேணாம்னீங்க?"

"ஆமாம்மா."

"நான் பஸ்ல போயிக்கிறேன்."

சாலையைக் கடந்து, வந்த முதல் டவுன் பஸ்ஸில் ஏறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"டியூன் பண்ணித் தரட்டுமாண்ணே?" என்று கேட்டான் தௌபிக், வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

"யாரு ஓட்டப் போறா?" என்றார் மாதவராஜ். இருவருமாக வண்டியைத் தூக்கி ஏற்றினார்கள்.

பிறகு நடந்தது காதுவழி வந்ததுதான். கலைமதி குழந்தையோடு அரூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பியைக் கொன்றவன் என்று ஊரில் பேச்சு பரவியது. மாதவராஜ் பட்டறையைத் திறப்பதில்லை. யார் கேட்டாலும் ஆமாம் என்கிறாராம்.

தை பிறந்தபின் ஒருநாள் மத்தியானம் தௌபிக்கின் செல்போன் அடித்தது.

"நான் கலைமதி பேசுறேன் பாய். அன்னிக்கு மாமா சொன்னது நெசந்தானுங்களா?"

ரோலர் மேல் யாருடைய வண்டியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தான். உண்மையைச் சொன்னால் சாவியை எறிந்த பாரம் மறுபடி அவள் தலையில் ஏறும். பொய்யைச் சொன்னால் பழி மாதவராஜ் தலையிலேயே நிற்கும்.

"ஆமாம்மா. நெசந்தான்."

அவள் பக்கத்தில் குழந்தை எதையோ கேட்டு அழுதது.

"அப்பறம் ஏன் பாய் எனக்கு லேசாவே ஆவல?"

அவளே போனை வைத்துவிட்டாள்.